கேமராவைக் கையில் பிடித்தபடியே ஷார்ப்பாக எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவின் சின்னத் திரையில் படம் நன்றாகத்தான் இருந்தது. கணினியில் திறந்தால் மங்கல். என்ன ஆகியிருக்கும்?

மங்கல் என்று ஒரே பெயரைச் சொல்கிறோம். வியாதி மூன்று: கை ஆடியிருக்கும், எதிரில் இருப்பது அசைந்திருக்கும், அல்லது ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு. எதுவென்று தெரியாமல் புது லென்ஸ் வாங்கினால் பழைய மங்கல் அதிலும் வரும்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். படம் முழுக்க எல்லா விளிம்புகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், தூரத்து விளக்கு புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாகவோ கொக்கியாகவோ தெரிந்தால், அது கை ஆட்டம். சுவரும் நாற்காலியும் தெளிவாக இருக்க, ஆளின் விரல்கள் மட்டும் கரைந்திருந்தால் அசைவு. வேண்டிய இடம் எந்தத் திசையிலும் இழுபடாமல் பஞ்சுபோலக் குழைந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் ஒரு தோள்பட்டை, ஒரு மேசை விளிம்பு கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றும் உண்டு. விளிம்புகள் சரியாக இருக்கும். தோலும் தலைமுடியும் மட்டும் மெழுகு பூசியதுபோல வழுவழுப்பாக இருக்கும். அது கேமராவின் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் விழும் மணல்போன்ற புள்ளிகளான நாய்ஸைத் துடைக்கும் வசதி) செய்த வேலை. மெனுவில் அதை 'லோ' என்று குறைத்து வையுங்கள், அல்லது ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுங்கள்.

ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு இருந்தால் கை ஆட்டம் தெரியாது?

ஷட்டர் ஸ்பீட் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நொடிக்கணக்கில். பழைய விதி ஒன்று இருக்கிறது: ஒன்றின் கீழ் ஃபோக்கல் லெங்த் (லென்ஸின் மேல் மி.மீயில் எழுதியிருக்கும் எண்). 50 மி.மீ லென்ஸுக்கு 1/50, 200 மி.மீக்கு 1/200. அதற்குக் கீழே போகக் கூடாது.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டால் விதி மறக்காது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பிம்பத்தைப் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ ஃபிலிம் அளவு) 200 மி.மீ லென்ஸ் மாட்டியிருக்கிறது. கை நொடிக்கு ஒரு டிகிரி வேகத்தில் மெல்லச் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் பிம்பம் சென்சார் மேல் சுமார் 0.058 மி.மீ நகர்ந்துவிடும். அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. ஆக, புள்ளியாக விழ வேண்டியது பத்து பிக்சல் நீளக் கோடாக விழுகிறது. அதே கை, அதே 1/60, லென்ஸ் மட்டும் 24 மி.மீ என்றால் நகர்வு ஒரு பிக்சல் சொச்சம்தான். 200 மி.மீயிலேயே 1/500 வைத்தாலும் அந்த ஒரு பிக்சலுக்கு வந்துவிடும். லென்ஸ் நீள நீளக் கை ஆட்டமும் பெரிதாகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த விதி ஃபிலிம் காலத்தது. அன்று படத்தை அட்டையளவில் பிரிண்ட் போட்டுப் பார்த்தார்கள். இன்று பிக்சல் பிக்சலாக நோண்டுகிறோம். அதனால் விதி சொல்லும் வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. 50 மி.மீக்கு 1/100, 200 மி.மீக்கு 1/400. 40 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட கேமராவில் இது இன்னும் அவசியம்.

என்னுடையது ஃபுல் ஃபிரேம் இல்லை, கிராப் சென்சார். கணக்கு மாறுமா?

மாறும். கிராப் சென்சார் அளவில் சிறியது. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் கேமராக்களில் ஃபோக்கல் லெங்தை 1.5ஆல் பெருக்குங்கள், கேனனில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. 1.5 கிராப் கேமராவில் 50 மி.மீ லென்ஸ் 75 மி.மீ போல நடந்துகொள்ளும். ஆகவே குறைந்தபட்சம் 1/80, நிம்மதியாக எடுக்க 1/160.

விதிப்படிதான் 1/60 வைத்தேன். சுவர் தெளிவாக வந்தது, ஆள் மட்டும் மங்கல்.

மேலே சொன்ன விதி உங்கள் கைக்கு மட்டும். எதிரில் நடப்பவருக்கு அது தெரியாது. 5 மீட்டர் தள்ளி ஒருவர் சாதாரண நடையில் இடமிருந்து வலம் போகிறார். 50 மி.மீ லென்ஸில் 1/60 நொடியில் அவருடைய பிம்பம் ஏறக்குறைய 39 பிக்சல் நகர்கிறது. 1/250 என்றால் 9 பிக்சல், 1/500 என்றால் 5. வீசும் கையும் எட்டு வைக்கும் காலும் உடம்பைவிட வேகமாக நகரும். நேராக உங்களை நோக்கி வருபவரின் பிம்பம் பக்கவாட்டில் அதிகம் நகராது, ஆகவே இதில் பாதி வேகம்கூடப் போதும்.

கைவசம் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு 1/125, பேசிக்கொண்டும் கையை ஆட்டிக்கொண்டும் இருப்பவருக்கு 1/250, ஓடி விளையாடும் குழந்தைகளுக்கும் நாய்க்கும் 1/500 முதல் 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. குழந்தைகள் விஷயத்தில் 1/250ஐ நம்ப வேண்டாம். அது அவர்கள் தூங்கும்போதுதான் எடுபடும்.

அவ்வளவு வேகம் வைத்தால் படம் இருட்டாகிறதே. ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ் வருமே?

வரட்டும். ஐஎஸ்ஓ என்பது பதிவாகும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற எண். ஐஎஸ்ஓ 3200இல் நாய்ஸோடு வந்த கூர்மையான படத்தை மென்பொருளில் துடைத்து எடுக்கலாம், சிறிய பிரிண்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஐஎஸ்ஓ 400இல் சுத்தமாக, ஆனால் ஆடிப்போய் வந்த படத்தை அந்த அளவுக்கு மீட்க வழியில்லை. ஐஎஸ்ஓவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் ஷட்டர் நேரம் பாதியாகும். ஐஎஸ்ஓ 400இல் 1/30 கிடைக்கிறதா? 3200இல் அதே வெளிச்சத்துக்கு 1/250 கிடைக்கும்.

நாய்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து, படத்தை இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றும்போது நிழல் பகுதியிலிருந்து நாய்ஸும் சேர்ந்தே மேலே வரும். மிச்சம் பிடித்தது ஒன்றும் இல்லை.

இன்னொரு வழி லென்ஸ். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை 55இல் வைத்தால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எஃப்/5.6தான். 50 மி.மீ எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/20 கிடைத்த அறையில் இதில் 1/200 கிடைக்கும்.

இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

தேவையில்லை. கேமராவிடம் ஒப்படைத்துவிடுங்கள். அப்பர்ச்சர் பிரயாரிட்டி மோடில் (அப்பர்ச்சரை நீங்கள், ஷட்டரைக் கேமரா தீர்மானிப்பது) வைத்து, மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவைத் திறங்கள். அதில் இரண்டு இடங்களை நிரப்ப வேண்டும். உச்ச ஐஎஸ்ஓ: 6400. குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீட்: ஆட்களை எடுப்பதென்றால் 1/250. இனி வெளிச்சம் குறைந்தால் கேமரா முதலில் ஐஎஸ்ஓவை ஏற்றும். 6400ஐத் தொட்ட பிறகுதான் ஷட்டரை மெதுவாக்கும். பல கேமராக்களில் அந்த இடத்தில் 'ஆட்டோ' என்ற தேர்வும் இருக்கும், அது லென்ஸின் நீளத்தைப் பார்த்துத் தானே வேகத்தை முடிவு செய்யும். ஜூம் லென்ஸுக்கு அது வசதி. அதையும் ஒரு படி வேகமாக வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள்.

குறைந்தபட்ச வேகத்தை அமைக்கும் வசதி இல்லாத கேமராவா? மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். வேலை ஒன்றுதான்.

கேமராவை எப்படிப் பிடிக்க வேண்டும்?

இடது கை லென்ஸுக்கு அடியில், உள்ளங்கை மேல்நோக்கி. கேமராவின் எடை அந்தக் கையில் உட்கார வேண்டும். லென்ஸின் பக்கவாட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பதுதான் அதிகம் காணும் தவறு. எடை முழுதும் வலது மணிக்கட்டுக்குப் போய், பட்டனை அழுத்தும் அதே கை கேமராவையும் தாங்க வேண்டியதாகிறது. முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சன்னல்) இருந்தால் புருவத்தை அதில் லேசாக அழுத்துங்கள், இரண்டு கையோடு நெற்றியும் ஒரு தாங்கலாகும். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பவர், வியூஃபைண்டர் இல்லையென்றால், கழுத்து வாரை முன்னோக்கி இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு எடுக்கலாம். கால்கள் தோளகலத்துக்கு விரிந்து, ஒன்று சற்று முன்னே.

இனி விரல். ஆட்டத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. பட்டனைக் குத்தினால் கேமராவின் வலது பக்கம் கீழே சாயும். படத்தில் கோடுகள் சரிவாக இழுபட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் குத்துதான். விரல் நுனியால் தட்டாமல், விரலின் சதைப்பகுதியைப் பட்டன் மேலேயே வைத்திருங்கள். பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனதும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மிச்சப் பாதியை மெல்ல அமுக்குங்கள். படம் விழுந்த பிறகும் விரலை உடனே எடுக்காதீர்கள்.

பக்கத்தில் தூணோ கதவு நிலையோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். குந்த வேண்டியிருந்தால் ஒரு காலை மடக்கி, மறு முட்டியின் மேல் முழங்கையை வையுங்கள். எலும்பின் மேல் எலும்பு வைத்தால் வழுக்கும். முழங்கைக்கு மேலே உள்ள சதை முட்டியில் பதிய வேண்டும்.

ஸ்டெபிலைசேஷன் இருக்கும் லென்ஸ் வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் தேவையா?

ஸ்டெபிலைசேஷன் தீர்ப்பது முதல் வியாதியை மட்டும்தான். கேனன் இதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியை ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்துவது ஒரு வகை, சென்சாரையே நகர்த்துவது இன்னொரு வகை. இரண்டுமே உங்கள் கையைத்தான் சமன் செய்யும். ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு) என்று பெட்டியில் போட்டிருந்தால், 1/60 வேண்டிய இடத்தில் கணக்குப்படி அரை நொடி வரை போகலாம். கட்டடம் அரை நொடி அசையாமல் நிற்கும். மனிதர் நிற்க மாட்டார்.

அந்த எண்ணிக்கை, கேமராவை அதிர்வுத் தட்டில் வைத்து அளந்து வருவது. உங்கள் கை வேறு, நின்ற நிலை வேறு, ஆகவே ஒன்றிரண்டு ஸ்டாப் கழித்துக்கொள்ளுங்கள். பாதி அழுத்திய பிறகு அரை நொடியாவது பொறுங்கள். வியூஃபைண்டரில் பிம்பம் சட்டென்று அமைதியாவது தெரியும், அப்போது எடுங்கள். பழைய லென்ஸ் என்றால் ட்ரைபாடில் ஏற்றும்போது இதை அணைத்துவிட வேண்டும். இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட்டத்தை உண்டாக்கும்.

ட்ரைபாட் கையில் இல்லை. 1/8, 1/4 போக வேண்டியிருக்கிறது. ஏதாவது வழி?

கன்டினியூவஸ் மோடில் நான்கைந்து படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், கடைசியில் விரல் எடுத்த அதிர்வு. நடுவில் ஒன்று பெரும்பாலும் தேறிவிடும்.

கேமராவைச் சுவர், மேசை, கைப்பிடிச் சுவர் எதிலாவது வைத்து, அடியில் மடித்த துண்டு கொடுத்து, 2 நொடி டைமர் போட்டால் கையே வேண்டாம்.

கயிறு வித்தை ஒன்றும் உண்டு. கேமராவின் அடியில் ட்ரைபாட் மாட்டும் ஓட்டைக்குக் கால் அங்குல போல்ட் பொருந்தும். அதில் உறுதியான கயிறு கட்டி, மறு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவை மேல்நோக்கி இழுத்து விறைப்பாக்கி எடுங்கள். மேல்கீழ் ஆட்டம் நன்றாகவே குறையும். போல்ட் நீளமாக இருந்தால் ஓட்டையின் அடியில் போய் இடிக்கும். ஒரு அளவுக்கு மேல் முறுக்காதீர்கள்.

முகத்தைத்தான் ஃபோகஸ் செய்தேன். காது தெளிவு, கண் மங்கல்!

85 மி.மீ லென்ஸ், எஃப்/1.8, தூரம் ஒன்றரை மீட்டர். ஃபுல் ஃபிரேமில் முன்பின்னாகக் கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணிலிருந்து காதுக்கு அதைவிட அதிக தூரம். ஃபோகஸ் ஆன பிறகு நீங்கள் இரண்டு சென்டிமீட்டர் முன்னே சாய்ந்தாலே கண் போய்விடும். நின்றுகொண்டிருக்கும் யாரும் அந்த அளவு தானாகவே ஆடுவார்கள்.

ஐ-டிடெக்‌ஷன் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி) இருக்கும் கேமராவில் அதைத் திறந்து, ஃபோகஸைத் தொடர் மோடில் வையுங்கள். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ. கேமரா கடைசி நொடி வரை கண்ணைத் துரத்திக்கொண்டிருக்கும். அந்த வசதி இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, அந்தப் புள்ளியையே நகர்த்திக் கண்ணின் மேல் வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃபிரேமைத் திருப்பும் பழக்கம் எஃப்/8இல் சரி, எஃப்/1.8இல் திருப்பும்போதே ஃபோகஸ் தளம் நழுவிவிடும். எஃப்/2.8 அல்லது எஃப்/4க்கு மூடினாலும் நிம்மதிதான், பின்னணி அப்போதும் போதுமான அளவு கரையும்.

எல்லா ஏரியாவிலும் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ மோடைத் தவிருங்கள். அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடிக்கும். மூக்கு கூர்மையாக வருவது இதனால்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பின்னால் தள்ளியே ஃபோகஸ் விழுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, கேமராவை அசையாமல் வைத்து எடுத்துப் பாருங்கள். கூர்மை எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் வழியாகத் திருத்தலாம். எல்லா மாடலிலும் அது இருக்காது. மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் சென்சாரிலேயே நடப்பதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

எந்த அப்பர்ச்சரில் லென்ஸ் அதிகக் கூர்மை?

முழுதும் திறந்த நிலையிலிருந்து இரண்டு ஸ்டாப் மூடினால் பெரும்பாலான லென்ஸ்கள் நன்றாக இருக்கும். எஃப்/3.5–5.6 கிட் லென்ஸுக்கு எஃப்/8. எஃப்/22க்கு மூடினால் எல்லாமே கூர்மையாகும் என்று நினைப்பது தவறு. சின்னத் துளை வழியே ஒளி வளைந்து பரவிப் படம் முழுக்கவே மழுங்கும். கிராப்பில் எஃப்/11, ஃபுல் ஃபிரேமில் எஃப்/16, அதோடு நிறுத்துங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது எஃப்/8க்காக ஷட்டரை 1/30க்கு இறக்குவதும் நஷ்ட வியாபாரம். எஃப்/4இல் 1/125 வைத்து எடுத்த படம் அதைவிடத் தெளிவாக வரும்.

1/1000 வைத்தும் படம் கலங்கலாகவே இருக்கிறது.

முன் கண்ணாடியைப் பாருங்கள். விரல் ரேகை எண்ணெய் இருந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகைபோலப் படரும். மலிவான ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்த உடனே கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும், கேமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையை மூடியே வைப்பதுதான் வழி. வெயிலில் தூரத்துப் பொருளை 300 மி.மீயில் எடுத்தால் காற்றின் சூட்டலை பிம்பத்தை நெளிய வைக்கும். அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது. காலையில் போக வேண்டும், அல்லது கிட்டே போக வேண்டும்.

ரொம்பக் கிட்டே போயிருந்தாலும் இப்படி ஆகும். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குக் குறைந்த தூரம் ஃபோகஸ் ஆகாது என்று ஒரு அளவு உண்டு, 50 மி.மீ எஃப்/1.8 லென்ஸ்களில் அது பொதுவாக 35 முதல் 45 செ.மீ.

வியூஃபைண்டரிலேயே எல்லாம் மங்கலாகத் தெரிகிறது.

பக்கத்தில் இருக்கும் சின்ன டயாப்டர் சக்கரம் திரும்பியிருக்கும். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்வரை சுழற்றுங்கள். படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் அதிர்வே இல்லையே. எப்போதும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

அசையாத பொருளுக்கு அருமை. பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கும். அதற்குள் பேருந்து நகர்ந்தால் அது சாய்ந்த பேருந்தாகப் பதிவாகும். மின்விளக்கில் இன்னொரு தொல்லை: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை மறையும்.

நடுவழி ஒன்று உண்டு. ஷட்டரின் முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக், மூடும் திரை மெக்கானிக்கல். மெக்கானிக்கல் ஷட்டரின் உதறல் சில மிரர்லெஸ் கேமராக்களில் 1/60 முதல் 1/200 வரையிலான வேகங்களில் இரட்டை விளிம்பாகத் தெரியும். இந்த மோடில் அது போய்விடும்.

ஃபிளாஷ் போட்டால் ஆட்டம் நிற்குமா?

இருட்டறையில் நிற்கும். ஃபிளாஷின் மின்னல் பொதுவாக ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு, பதிவாவது அந்தக் கணம் மட்டும். அறையில் வேறு வெளிச்சமும் நிறைய இருந்து ஷட்டர் 1/15இல் கிடந்தால், கூர்மையான உருவத்தின் மேல் ஆவிபோல இன்னொரு உருவம் படியும். ஷட்டரை 1/200க்கு ஏற்றுங்கள்.

பூச்சி, பூ மாதிரிச் சின்னப் பொருளைக் கிட்டே வைத்து எடுக்கும்போது எந்த விதியும் எடுபடவில்லை.

எடுபடாது. இங்கே கேமரா சாய்வதைவிட முன்பின் நகர்வதுதான் எதிரி, ஸ்டெபிலைசேஷனும் பெரிதாக உதவாது. உருவம் சென்சாரில் உண்மையான அளவிலேயே விழும்போது எஃப்/8இல் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஃபோகஸை மேனுவலில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, பூச்சியின் கண் கூர்மையாகும் கணத்தில் ஐந்தாறு படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள். 1/250க்குக் கீழே போக வேண்டாம்.

மொபைலுக்கு இதில் எது பொருந்தும்?

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பை, கன்னம், விரல் எல்லாம் பட்டு அது எப்போதும் அழுக்காகத்தான் இருக்கும். இரண்டு கையால் பிடித்து, முழங்கையை ஒட்டி, வால்யூம் பட்டனால் எடுங்கள். நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது, எண்ணிக்கை முடியும்வரை அசையாதீர்கள்; ஆட்கள் அசைந்தால் அதிலும் கரைவார்கள். திரையை இரண்டு விரலால் விரித்து ஜூம் செய்வதைவிட, முடிந்தால் நான்கடி முன்னே நடப்பது மேல்.

ஆடிப்போன படத்தை ஷார்ப்பனிங் சரிசெய்யுமா?

விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்குவதுதான் ஷார்ப்பனிங். இழுபட்ட கோட்டில் அதைச் செய்தால் இழுபட்ட கோடுதான் பளிச்சென்று தெரியும். லேசாகக் குழைந்த படத்துக்கு ரேடியஸை (விளிம்பைச் சுற்றி எவ்வளவு தூரம் திருத்துவது என்ற அளவு) 1 பிக்சல் அளவில் வைத்துக் கொஞ்சம் ஏற்றலாம். விளிம்பைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது.

தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். சாதாரண ஃபுல் எச்டி திரை 1920. படத்தைத் திரைக்கு அடக்கிக் காட்டும்போது ஒன்பது பிக்சல் இழுபடல் மூன்றாகச் சுருங்கிவிடும். மொபைலில் அனுப்பப்போகும் படம் என்றால் அது யார் கண்ணிலும் படாது.